ஆறு பேரும் செத்துட்டாங்க சார்

எந்த ஊரிலாவது புயலோ வெள்ளமோ வந்து, அதற்குப் பின்னால் அந்த ஊர்ப் பிள்ளைகள் ஏதாவது ஒரு ஆட்டத்தில் ஜெயித்துவிட்டால், என் வீட்டில் டிவி ரிமோட்டை ஒளித்து வைத்துவிடுவார்கள். செய்தி வாசிக்கிற பெண், "இயற்கைச் சீற்றத்தை வென்று மீண்டெழுந்தது" என்று ஆரம்பித்ததுமே நான் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவேன். திரையில் ஒரு பையன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு சிரிப்பான். "அவனுக்கு வீடு வந்துச்சான்னு கேளும்மா முதல்ல" என்று நான் கத்துவேன். செய்தி வாசிக்கிற பெண் கேட்கமாட்டாள். என் மனைவிதான் அடுப்படியிலிருந்து கேட்பாள்: "உங்க கப்பு கதை ஆரம்பிச்சாச்சா?"

ஆமாம், கப்பு கதைதான். நானும் ஒரு நாள், ஒரே ஒரு நாள், மீண்டெழுந்த டெல்டாவாக இருந்திருக்கிறேன். அரைப் பக்கத்துக்குப் படம் போட்டு, அதற்குக் கீழே கண்ணீர் வரவழைக்கும் எழுத்து. மாவட்டம் முழுக்க என் மூஞ்சியைப் பார்த்தது. மறுநாளே அதில் பக்கோடா மடித்துக் கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம். எண்ணெய் படிந்த என் முகத்தை நானே பூதலூர் ஸ்டேஷன் வாசலில் கசக்கி எறிந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் பூதலூருக்குத் தெற்கே. வாய்க்கால் கரையை ஒட்டி ஏழு குடிசைகள். ஏழும் மிராசுதார் நிலத்தில் இருந்தன; ஏழு குடும்பமும் அவர் வயலில் நடவும் அறுப்பும் செய்த குடும்பங்கள். கழகத்தின் ஆட்சி நடந்த காலம். ஒரு கழகம் உள்ளே, இன்னொரு கழகம் வெளியே என்று மாறிக்கொண்டிருந்ததால் எங்கள் ஊர்ச் சுவர்களில் சுண்ணாம்பு காயவே இல்லை. கூலித் தகராறு வேறு. சங்கத்துக்காரர்கள் செங்கொடியோடு வந்து பேசிவிட்டுப் போவார்கள். மறுநாள் மிராசுதார் வெளியூர் ஆள்களை இறக்குவார். குடியிருக்கிற மனையை விட்டு யாரையும் கிளப்பக் கூடாது என்று சட்டம் வந்திருந்தது. மிராசுதாருக்கு அந்தச் சட்டத்தின் மேல் தீராத கோபம். மாமியாரைத் திட்ட முடியாத மருமகள் பாத்திரத்தைப் போட்டு உடைப்பதுபோல, அவர் வாய்க்காலை அடைப்பார், வரப்பை வெட்டுவார், எங்கள் கோழியைக் கல்லால் அடிப்பார்.

அந்த வருஷம் சம்பா கதிர் வாங்கும் நேரத்தில் புயல் வந்தது. சட்டத்தால் காப்பாற்றப்பட்ட ஏழு குடிசைகளும் ஒரே ராத்திரியில் காணாமல் போயின. நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். விடிந்து வந்து பார்த்தபோது கீற்று இல்லை, மூங்கில் இல்லை, மண்சுவர் கரைந்து மேடாகக் கிடந்தது. எங்கள் மனையில் அம்மாவின் அம்மிக்கல் மட்டும் வைத்த இடத்தில் இருந்தது.

எங்கள் வீட்டில் நானும் அம்மாவும்தான். அப்பா எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்டார். அந்த மனையின் தரையை அம்மா வாய்க்கால் மண்ணைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்து மேடாக்கியவள். அதனால் அது தன் இடம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. எல்லோரும் மிச்சம் மீதியைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கியபோது அவள் அம்மியை எடுக்க விடவில்லை. "அம்மி கெடக்கட்டும். அது கெடக்குற வரைக்கும் அது நம்ம வீடு" என்றாள்.

நாலைந்து நாளில் தண்ணீர் வடிந்தது. குடிசை போடக் கீற்றோடு போனால், மனைகளைச் சுற்றிக் கருவேல முள்வேலி. மிராசுதாரின் ஆள்கள் கம்போடு நின்றார்கள். "குடியிருக்கிறவனைத்தானே கிளப்பக் கூடாது? இங்க யாரு குடியிருக்கா, காட்டு" என்றார் அவர். போலீஸ் வந்து, விசாரணை முடிகிற வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனது. விசாரணைக்கு யாரும் வரவில்லை. ஏழு குடும்பமும் இரண்டு வகுப்பறையில் கிடந்தோம். பிள்ளைகளுக்கு வேப்பமரத்தடியில் பாடம் நடந்தது. அம்மா தினமும் சாயங்காலம் வேலி ஓரமாகப் போய் அம்மியைப் பார்த்துவிட்டு வருவாள்.

இப்படியே தை பிறந்துவிட்டது. பொங்கலை ஒட்டித் திருவையாற்றில் சடுகுடுப் போட்டி. எங்கள் தெரு ஒரு டீம். வீட்டுக்கு ஒரு ஆள், மொத்தம் ஏழு. கேப்டன் என் மாமன் மகன், எனக்கு மச்சான் முறை. புயலில் உடைந்த மனத்தை விளையாட்டால் தேற்றிக்கொள்ளவே நாங்கள் களம் இறங்கியதாகப் பின்னால் பேப்பரில் வந்தது. உண்மையில் மச்சான் சொன்னது இது: "ஆட வர்ற டீமுக்குக் கறிச்சோறு போடறாங்களாம்டா." இரண்டு மாதமாகப் பள்ளிக்கூடத்துக் கோதுமைக் கஞ்சி குடித்தவர்களுக்கு இதைவிடப் பெரிய லட்சியம் வேண்டியதில்லை.

என் ஆட்டத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அந்த டீமில் நான் ஏழாவது வீட்டின் ஆள், அவ்வளவுதான் தகுதி. எங்கள் வீட்டில் அம்மாவை இறக்கியிருந்தால் இன்னும் நன்றாக ஆடியிருப்பாள். கடைக்கோடி மூலையில் நின்று, பாடி வருகிறவன் என் பக்கம் வந்தால் நகர்ந்து வழிவிடுவது என் பாணி.

இறுதி ஆட்டத்தில் எதிரணிக்காரர்கள் கரும்புச் சாறு குடித்து வளர்ந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். எங்கள் ஆள்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். சடுகுடு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் அவுட் என்று சொல்லமாட்டோம். தொடப்பட்டவன் செத்தான், பிடிபட்டவன் செத்தான். செத்தவன் கோட்டுக்கு வெளியே போய்க் குந்த வேண்டும். நம் ஆள் எதிரணியில் ஒருத்தனைத் தொட்டுவிட்டு மூச்சு விடாமல் திரும்பினால், செத்தவர்களில் ஒருத்தனுக்கு உயிர் வரும். அப்படி அந்த ஆட்டத்தில் ஆறு பேர் செத்து வெளியே வரிசையாகக் குந்தியிருந்தார்கள். மச்சான்கூடச் செத்துவிட்டார். மூலையில் நின்ற என்னை யாரும் தொடாததால் நான் மட்டும் உயிரோடு இருந்தேன்.

பாடிப் போனேன். எதிரணியில் ஏழு பேரும் இருந்தார்கள். இந்தச் சுண்டைக்காயைப் பிடிக்க யார் முந்துவது என்று அவர்களுக்குள் போட்டி. நான் பயத்தில் திரும்பி ஓடப் பார்த்துக் கால் இடறி விழுந்தேன். ஏழு பேரும் என் மேல் விழுந்தார்கள். விழுந்த வேகத்தில் நீண்ட என் கை நடுக்கோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் போய்விட்டது. வாயில் மண் போயும் "சடுகுடு சடுகுடு" மட்டும் நிற்கவில்லை. அது பாட்டா அலறலா என்று நடுவருக்கே சந்தேகம். என்னைத் தொட்ட ஏழு பேரும் செத்தார்கள். கப்பு எங்களுக்கு.

கறிச்சோற்றுக்கு முன்னால் மண் போகக் குளிக்க வேண்டும் என்று ஆறு பேரும் காவிரிப் படித்துறைக்குப் போனார்கள். நான் போகவில்லை. கப்பைக் கையிலிருந்து இறக்க மனம் வரவில்லை. போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்கட்டும் என்று மைதானத்து ஓரத்தில் நின்றேன். அப்போதுதான் அந்த நிருபர் வந்து சேர்ந்தார். புயலுக்குப் பிந்திய பொங்கல் எப்படி இருக்கிறது என்று எழுத மெட்ராஸிலிருந்து வந்தவர். மூக்குக் கண்ணாடி, தோளில் காமிரா. பஸ் தாமதமாகி ஆட்டத்தைப் பார்க்க முடியவில்லை என்று வருத்தப்பட்டார். எந்த ஊர், புயலில் என்ன போனது என்று விசாரித்தார். வீடே போய்விட்டது என்றேன். "அடடா" என்று எழுதிக்கொண்டார்.

"உங்க டீம்ல மொத்தம் எத்தனை பேர் தம்பி?"

"ஏழு பேரு சார். ஆறு பேரும் செத்துட்டாங்க. நான் ஒருத்தன்தான் மிச்சம்."

அவர் பேனா நின்றது. "ஆறு பேருமா?"

"ஆமா சார். மளமளன்னு போயிட்டாங்க. எங்க மச்சான் இருக்காரே, அவரு போவாருன்னு நினைக்கவே இல்ல. வழுக்கி விழுந்தாரு, அவ்வளவுதான்."

"உங்களுக்கு அப்ப எப்படி இருந்துச்சு?"

"கையும் ஓடல காலும் ஓடல சார். ஆனா நான் விட்டுட்டா அவ்வளவுதானேன்னு தோணுச்சு. செத்த அத்தனை பேருக்கும் நான்தான் உயிர் வாங்கிக் குடுக்கணும்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் போனேன்."

நிருபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். என் ஆட்டத்தைப் பார்க்காமலே, சொல்லக் கேட்டதற்கே ஒரு மெட்ராஸ்காரர் அழுகிறாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆறு பேரின் பெயரையும் கேட்டார். தகப்பன் பெயரோடு, ஒருத்தரையும் விடாமல் சொன்னேன். பிறகு என்னை ரோட்டோரம் விழுந்து கிடந்த ஒரு தென்னைமரத்துக்கு அழைத்துப் போய் அதன் மேல் ஒரு காலை வைக்கச் சொன்னார். "சிரிங்க தம்பி. ஆனா கண்ணுல சோகம் இருக்கட்டும்." முழங்காலில் தோல் வழண்டு எரிந்துகொண்டிருந்ததால் சோகம் தானாகவே வந்தது.

இரண்டு நாள் கழித்து ஸ்டேஷன் ரோட்டு டீக்கடையில் பேப்பரைப் பார்த்தோம். "ஆறு வீரர்களைப் புயலுக்குப் பறிகொடுத்தும் கோப்பை வென்ற கிராமம்: மீண்டது டெல்டா!" மச்சான் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தவர், இறந்தவர்கள் வரிசையில் முதலில் தன் பெயரைக் கண்டதும் நிறுத்தினார்.

"ஏண்டா, நான் எப்படா செத்தேன்?"

"ஃபைனல்ல மச்சான்."

செத்த ஆறு பேரும் சேர்ந்து டீக்கடை வாசலில் என்னைத் துரத்தினார்கள். மச்சான் பெண்டாட்டி விஷயம் கேள்விப்பட்டு, பள்ளிக்கூட வாசலில் ஒரு கையால் தாலியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் விளக்குமாற்றோடு எனக்காகக் காத்திருந்தாள். அம்மா மட்டும் படத்தைப் பார்த்து, "மூஞ்சி நல்லாத்தான் இருக்கு. அந்தத் தென்னமரம் யாருடையது? கேட்டா வெறகுக்கு ஆவுமே" என்றாள்.

சிரிப்பு அன்றைக்குச் சாயங்காலம் வரைதான். கட்டுரையின் கடைசி வரி இப்படி முடிந்திருந்தது: "அந்த இளைஞன் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பில் ஒரு கிராமமே மீண்டும் குடியேறிவிட்டது." நிருபர் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார். பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவரும் மிராசுதார்தான்; அந்த வரியின் கீழே சிவப்பு மையில் கோடு இழுத்து எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

"பேப்பர்லயே போட்டுட்டான், ஊரு மீண்டுடுச்சு, எல்லாரும் குடியேறியாச்சுன்னு. அப்புறம் ஸ்கூல்ல என்னடா வேலை? வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணுங்க."

"எங்கங்க போறது?" என்றார் மச்சான்.

"நீதான் செத்துட்டியேடா. உனக்கு எதுக்கு எடம்?"

என் சிரிப்பில் ஏழு குடும்பம் எப்படிக் குடியேறும்? மூன்று பல் தெரிகிற சிரிப்பு அது. ஆனால் அன்றைக்கு எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அம்மாவை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அவள் வேலி வரை போய் அம்மியைப் பார்த்துவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஜீப் வந்தது. எங்கள் ஊரில் புயலால் சாவு இல்லை என்று தாலுகா ஆபீஸிலிருந்து மேலே எழுதிவிட்டிருந்தார்கள். பேப்பரில் ஆறு சாவு. ஆறு பேரை ஏன் மறைத்தீர்கள் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் ஊர் ஊராகக் கூட்டம் போட ஆரம்பித்துவிட்டார்கள். புயலுக்கு வராத தாசில்தார் பேப்பருக்கு வந்தார். கூடவே ஊர்க் கணக்கு எழுதுகிற கர்ணம், பின்னாலேயே மிராசுதார்.

"யாருய்யா செத்தது?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார் தாசில்தார்.

மச்சான் கையைத் தூக்கினார். "நான்தாங்க." பின்னால் இன்னும் ஐந்து கைகள் எழுந்தன.

தாசில்தாருக்குச் சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை. சடுகுடுச் சாவை விளக்கியதும் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு கர்ணத்திடம், ஆறு பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று மகஜர் எழுதச் சொன்னார். ஆளை அவரவர் இருப்பிடத்தில் நேரில் கண்டதாக எழுதி, ஊர்ப் பெரியவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

அப்போதுதான் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அம்மா பேசினாள். "இருக்கிற எடத்துல வச்சுப் பாக்கணும்னா, இது பள்ளிக்கூடமுங்க சாமி. எங்க வீடு வாய்க்கா கரையில இருக்கு. வாங்க, காட்டுறேன்."

யாரும் பதில் சொல்வதற்குள் அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். தாசில்தார் அவள் பின்னால் போனார். முள்வேலியைப் பார்த்து, "இது என்ன? எடுங்கய்யா" என்றார். மிராசுதார் மறுக்கவில்லை. அவர் நிலத்துக் குடிசைகளில் ஆறு சாவு என்று பேப்பரில் வந்துவிட்டதால், விசாரணை தன் மேல் திரும்புவதற்குள் அந்தச் சாவுகளை எப்படியாவது இல்லாமல் ஆக்கிவிடும் அவசரம் அவருக்கு. அவர் ஆள்களே முள்ளை இழுத்துப் போட்டார்கள்.

ஆறு பேரும் அவரவர் மனையில் போய் நின்றார்கள். கர்ணம் ஒவ்வொரு மனையாக வந்து எழுதினார்: இன்னார் மகன் இன்னார், வாய்க்கால் கரையில் இந்த மனையில் குடியிருப்பவர், நேரில் காணப்பட்டார். மிராசுதார் ஒவ்வொன்றிலும் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார். "இவன் உயிரோட இருக்கான், நானே சாட்சி" என்று உற்சாகமாக வேறு சொல்லிக்கொண்டார். ஆறாவது கையெழுத்தைப் போட்டு முடித்த பிறகு, எழுதியதை ஒரு முறை வாசித்துப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

ஏழாவது மனையில் நானும் அம்மாவும் நின்றுகொண்டிருந்தோம். கப்பை வேறு கையோடு கொண்டுபோயிருந்தேன், தாசில்தார் பார்க்கட்டும் என்று.

"இவன் யாரு?" என்றார் தாசில்தார்.

"இவன் செத்த லிஸ்ட்ல இல்லீங்க" என்றார் கர்ணம். "பேப்பரே சொல்லுதுங்களே, உயிரோட இருக்கான்னு. தனியா எதுக்கு எழுதணும்?"

"சாமி, இதுவும் வீடுதாங்க. என் அம்மி கெடக்கு பாருங்க" என்றாள் அம்மா.

மிராசுதார், சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது, தன் வீட்டில் இலை போட்டாயிற்று என்றார். தாசில்தார் கெட்டவர் இல்லை. "தனியா ஒரு மனு குடும்மா, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினார்.

மறுநாளே சங்கத்துக்காரர்கள் மகஜருக்கு நகல் வாங்கிவிட்டார்கள். மிராசுதாரே குடியிருப்புக்குச் சாட்சி. ஆறு குடிசை எழும்பியது. எங்கள் மனையைச் சுற்றி மட்டும் வேலி திரும்ப வந்தது. எத்தனையோ மனு கொடுத்தோம். அங்கே குடியிருந்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்பார்கள். என்னிடம் இருந்த ஒரே காகிதம் அந்தப் பேப்பர்தான். அதை நீட்டினால், "மீண்டாச்சுன்னு போட்டிருக்கே, அப்புறம் என்னய்யா?" என்று திருப்பிக் கொடுப்பார்கள். செத்த ஆறு பேருக்கும் பின்னாளில் பட்டா வந்தது. இப்போது மாடி வீடு. எங்கள் மனையில் மிராசுதாரின் மோட்டார் கொட்டகை இருக்கிறது. ஊருக்குப் போனால் அந்தக் குழாயில்தான் கால் கழுவுகிறேன்.

மனு தள்ளுபடியான அன்றைக்கு அம்மா அம்மியை எடுத்துவரச் சொன்னாள். அதைத் தலையில் வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையோடு நடந்தேன். கழுத்து ஒடிந்துவிடும்போல இருந்தது. அன்றைக்கு எந்தப் பேப்பர்க்காரரும் வரவில்லை. அம்மா முன்னால் கப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அதில் அவள் உப்பு வைத்திருந்தாள்.

பிறகு எனக்குத் தஞ்சாவூரில் ஒரு குமாஸ்தா வேலை கிடைத்து, வாடகை வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்கு அந்த அம்மியோடு மாறிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தரை பெயரும் என்று சண்டை போட்டார்கள். அம்மா அந்த மனையைப் பற்றியும் கப்பைப் பற்றியும் கடைசி வரை என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. மறந்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

அவள் போவதற்கு முந்தின கோடையில், நாங்கள் இருந்த தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாயங்காலமானால் கபடி ஆடுவார்கள். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து பார்ப்பாள். ஒரு நாள் ஆபீஸ் விட்டு வருகிறேன், பக்கத்து வீட்டு அம்மாள் கோபமாக என்னை மறித்தாள். உங்க அம்மா விளையாடுகிற பிள்ளைக்குச் சாபம் கொடுக்கிறார் என்றாள். போய்ப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் எல்லாரும் அவுட்டாகி, நோஞ்சான் பையன் ஒருத்தன் மட்டும் மூலையில் நின்றுகொண்டிருந்தான். அம்மா அவனைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தாள்:

"டேய், நீயும் செத்துடுடா! ஒங்க அம்மாவுக்கு வீடாவது கெடைக்கும்!"